மச்சான் பேரில் ஒரு வீடு

இங்கிலாந்தில் எனக்குச் சொந்தமான வீட்டுக்குள் நான் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. குடியிருப்பவருக்கு முதல் நாளே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டுப் போனாலும், சாவி என் சட்டைப்பையில் இருக்க, கதவைத் தட்டிவிட்டு மழையில் நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற பெண் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கால் எட்டிப் பார்த்து, லாண்ட்லோர்ட் வந்திருக்கிறார் என்று புருஷனுக்குக் குரல் கொடுத்து, நாயைப் பிடித்துக் கட்டி, அப்புறம்தான் திறப்பாள். இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. கண்டியிலோ, விற்பனைக்கே இல்லாத வீட்டில்கூட, வீடு பார்க்க வந்தேன் என்று வாசலில் நின்றால், வாங்க என்று கூட்டிப் போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டு, குசினியிலிருந்து குளியலறை வரை திறந்து காட்டுகிறார்கள். எது நல்ல முறை என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு ஊரிலும் வீடு வாங்கத் தெரிந்தவன் நான் என்று மட்டும் சொல்கிறேன். அப்படித்தான் போன வருஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் படிப்பு கலஹாவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தோடு சரி. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரமாட்டார், மீதி நாள் நான் போகமாட்டேன். கண்டி டவுனில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவி, சமையல் கற்று, அரபு நாட்டில் கொஞ்ச காலம் வெந்து, இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். போய் விழுந்த இடம் வடக்கில், ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய ஊர். நான் போனபோது சுரங்கத்தை மூடி வெகு நாளாகியிருந்தது. தெருவுக்கு நாலைந்து வீடு பலகை அடித்துக் கிடந்தது. நம் ஆட்களில் டாக்டரும் எக்கவுண்டன்டும் லண்டனில் வாழ்நாள் கடனுக்குக் கோழிக்கூடு அளவு வீட்டை வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நான் பலகை அடித்த வீட்டைப் பார்த்தேன். வங்கிக்கு அது ஒரு தலைவலி. யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இருந்தார்கள். சமையல்கட்டில் வேலை செய்து சேர்த்ததை வைத்து முதல் வீட்டை வாங்கினேன். வேலை முடிந்த பிறகு நானே சுவர் சுரண்டி, நானே பலகை மாற்றி, நானே வர்ணம் பூசினேன்.

பக்கத்து வீட்டில் டோரீன் என்றொரு கிழவி இருந்தாள். நான் முதல் நாள் சுத்தியலோடு நிற்கும்போது வேலிக்கு மேலே தலையை நீட்டி, "யூ ஸ்டாப்பிங்?" என்று கேட்டாள். சத்தத்தை நிறுத்தச் சொல்கிறாள் என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சொறி என்று மன்னிப்புக் கேட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் போகவில்லை. நானும் அசையவில்லை. கடைசியில் அவள் மகள் வந்து விளக்கினாள். இங்கேயே தங்கிவிடப் போகிறாயா என்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்களாம். ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாள் வாசலில் ஒரு கேக் இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்த வீடு காலியானாலும் எனக்குத்தான் முதலில் சேதி வரும்.

நொடிந்துபோன ஊரில் வீடு வாங்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்டு இப்போது லண்டனிலிருந்தே போன் வருகிறது. அந்த டாக்டர்தான், எக்கவுண்டன்ட்தான். நான் சொல்வது இதுதான். விலையைப் பார்க்காதே, பஸ்ஸைப் பார். பஸ் இன்னும் வருகிறதா? பள்ளிக்கூடம் இன்னும் திறந்திருக்கிறதா? வாசற்படியைக் கழுவுகிற ஒரு கிழவியாவது அந்தத் தெருவில் மிச்சம் இருக்கிறாளா? இருந்தால் வாங்கு. அந்த ஊர் செத்துப்போகவில்லை, படுத்திருக்கிறது. எழுந்திருக்கும்போது நீ உள்ளே இருக்க வேண்டும். இதை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இன்று ஒரு தெருவின் ஒரு பக்கம் முழுக்க என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வீட்டின் மேல் எனக்கு ஏன் இந்த வெறி என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே பிறந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாது. நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், வரிசையாக இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவில். அதன் கதவு தோட்டத்தினுடையது, தகரம் தோட்டத்தினுடையது, ஆணி அடிக்க வேண்டுமென்றால் கங்காணியிடம் கேட்க வேண்டும். வேலை போனால் காம்பராவும் போகும். என் தாத்தாவுக்கு எந்த நாடும் கிடையாது. இந்தியாவும் தன் ஆள் இல்லை என்றது, இலங்கையும் இல்லை என்றது. அப்பாவுக்குக் கிழவரான பிறகுதான் பிரஜை என்று ஒரு கடதாசி வந்தது. அதை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்தக் கடதாசியைக் காட்டித்தான் எனக்கும் அடையாள அட்டை கிடைத்தது. ஆனாலும் இங்கிலாந்துக் கடவுச்சீட்டு எடுத்த அன்று, இருந்த இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டுவிட்டேன். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள் என்று என் தங்கச்சி புருஷன் அப்போதே போனில் சொன்னார். ஒரே நாட்டுக்கு ஒரு குடும்பம் எத்தனை தடவைதான் விண்ணப்பம் போடுவது என்று கேட்டேன். இப்போதும் அது நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மச்சான் பெயர் செல்வராஜ். கண்டி மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் தங்கச்சி லெட்சுமியைக் கட்டிய நாளிலிருந்து மஹியாவையில் படிக்கட்டு ஏறிப் போகிற ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். நான் ஊருக்கு வந்தால் தங்குவது அங்கேதான். ரூபாய் விழுந்து, பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையுமாக நாடு தெருவில் நின்றதே, அது ஓய்ந்த பிறகும் விலை மட்டும் இறங்கவில்லை. சம்பளக்காரர் எல்லாரும் வெளிநாடு போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்டியைச் சுற்றி மதில் மதிலாக விற்பனைக்கு என்று எழுதி நம்பர் போட்டிருப்பதாக லெட்சுமி சொன்னாள். எனக்குக் கை அரித்தது. நான் அந்தச் சுரங்க ஊரில் கற்றுக்கொண்ட அத்தனையும் இதற்குத்தான் போலிருக்கிறது என்று டிக்கட் போட்டேன். என் மனைவி வரமாட்டேன் என்றுவிட்டாள். பேரப்பிள்ளைகளை விட்டு அவள் நகரமாட்டாள்.

வந்த முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். மார்க்கெட்டுக்கு நான் போனால் போஞ்சிக்கு ஒரு விலை, செல்வராஜ் போனால் ஒரு விலை. விலை மட்டும் என்றால் விட்டுவிடலாம். அவருக்காகப் பிஞ்சுப் போஞ்சியை ஒதுக்கிச் சாக்குக்கு அடியில் வைத்திருக்கிறான் கடைக்காரன். த்ரீவீல்காரன் அவரிடம் வாடகை கேட்பதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறான். தேநீர்க் கடையில் அவர் கதிரையில் வேறு யாரும் உட்காருவதில்லை. சிங்களத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். ஒவ்வொரு மாதமும் ஓய்வூதியம் வருகிறது. ரூபாய் விழுந்த பிறகு அது என் வீடுகளில் குடியிருக்கிறவர்கள் நாய்க்குச் செலவழிக்கிற அளவுகூட வராது, ஆனாலும் அது அவர் உட்கார்ந்திருக்கையில் வருகிறது. நான் சம்பாதித்ததில் கால்வாசிகூடச் சம்பாதிக்காத மனிதர். என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. என் முழங்கால் போய்விட்டது, அவர் படிக்கட்டில் தாவி ஏறுகிறார். இதையெல்லாம் பார்த்து எனக்குப் பொறாமையா என்று கேட்டால், ஆமாம். பொறாமை இல்லாதவன் உழைத்து மேலே வந்ததை நான் பார்த்ததில்லை.

காணி வாங்குவதென்று, உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போனோம். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் மாடியில் அலுவலகம், வயதான தமிழர். என் கடவுச்சீட்டைப் புரட்டினார், மூடினார், மேசையில் வைத்தார். வெளிநாட்டுப் பிரஜையின் பேரில் காணி எழுத முடியாது என்றார். இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதற்குக் காலம் ஆகும், அதுவரை யார் காத்திருப்பார்? உங்களுக்கு நம்பிக்கையான ஆள் பேரில் வாங்கிப் போடுங்கள் என்றார். செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷமே எனக்கு எரிச்சல். தரையைப் பார்க்கிற அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. என் தாத்தாவும் அப்பாவும் இந்த மண்ணில் கொழுந்து மலையைக் கட்டி எழுப்பியவர்கள், அவர்களுக்கு ஒரு பேர்ச் நிலம் கிடைக்கவில்லை. எனக்குக் கையில் காசு இருக்கிறது, அதே பதில். பெயர் மட்டும் இரவல் வாங்க வேண்டும், அதுவும் தங்கச்சி புருஷனிடம்.

சரி, முதலில் வீடு கிடைக்கட்டும் என்று தேடினோம். கடுகண்ணாவையில் கணவாய்க்கு மேல் பக்கம் ஒரு வீடு அமைந்தது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ரத்நாயக்க என்பவருடையது. மகள் அவுஸ்திரேலியாவில் இருக்கிறாள், மருந்து தட்டுப்பாட்டில் மனைவி மிகவும் கஷ்டப்பட்டுவிட்டாள், இரண்டு பேரும் மகளோடு போய்விடுகிறார்கள். விசா வந்துவிட்டது. அவசர விற்பனை, எனக்கு மிகவும் பிடித்த வகை. சின்ன வீடுதான். முன்னால் நீள விறாந்தை, கீழே ரயில் வளைந்து போவது தெரிகிறது, கதவுகளெல்லாம் பழைய காலத்துப் பலாப்பலகை. பஸ் வருகிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது. எதிர்வீட்டில் ஒரு அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். என் கணக்கில் எல்லாம் சரி. சரி என்று மட்டுமில்லை. விறாந்தையில் கால் வைத்ததும், இத்தனை வீடு வாங்கியும் எனக்கு வராத ஒன்று வந்தது. இதை வாடகைக்கு விடாமல் வைத்திருந்தால் என்ன என்று ஒரு எண்ணம். அதை உடனே விரட்டினேன். தொழிலில் அப்படி எண்ணம் வந்தால் விலை ஏறிவிடும்.

அதனால் தொழில்காரனாக உள்ளே போனேன். ரத்நாயக்கவின் மனைவி தட்டில் பிளேன்டீயும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். செல்வராஜ் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. இங்கிலாந்தில் வீடு பார்க்கப் போனால் யாரும் உட்காருவதில்லை. விற்கிறவர் வீட்டிலேயே இருக்கமாட்டார், ஏஜண்ட் சாவியோடு நிற்பான், நாம் தட்டிப் பார்க்கலாம், குத்திப் பார்க்கலாம். நான் சுவரைத் தட்டினேன். குழாயைத் திறந்து மூடினேன். கையில் டோர்ச்சோடு கதிரைமேல் ஏறி முகட்டைப் பார்த்தேன். ஒரு வளை மரத்தில் கறையான். சாவியால் குத்தினேன், மாவாகக் கொட்டியது. விலை குறைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? என் சிங்களம் ஹோட்டல் சமையல்கட்டில் கற்றது, அதில் மரியாதைச் சொல் கிடையாது. கெட்டுப்போனதற்கு எனக்குத் தெரிந்தது ஊசிப்போன கறியைக் கொட்டும்போது சொல்வதுதான். முகட்டைக் காட்டி அதைச் சொன்னேன். நரக் வெலா. சுவரைக் காட்டியும் சொன்னேன், குளியலறையைக் காட்டியும் சொன்னேன். பிறகு என் விலையைச் சொன்னேன்.

ரத்நாயக்க, இங்கே யார் குடியிருக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். யாரும் இல்லை, இந்த நடுச்சுவரை இடித்துவிட்டு, வெள்ளைக்காரருக்கு நாள் வாடகைக்கு விடுவேன், ரயிலைப் படம் பிடிக்க நிறையப் பேர் வருவார்கள். அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் தேநீர் அப்படியே இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு போனாள். ரத்நாயக்க எழுந்து வாசல் வரை வந்து, வீட்டை விற்கிற யோசனையை மறுபடி யோசிக்க வேண்டும் என்றார். விசா வந்த மனிதர், என்ன யோசனை?

திரும்பி வருகிற பஸ்ஸில் செல்வராஜ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பேராதனை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நாப்பது வருஷம் விளக்கேத்துன வீடு அது. அந்தம்மா முன்னாடியே போயி ஊசிப்போச்சு ஊசிப்போச்சுன்னா எப்படி?"

"கறையான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"இருந்துச்சு. அவங்களுக்குத் தெரியாதா? உக்காந்து தேத்தண்ணியக் குடிச்சிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க."

மூன்றாம் நாள் அவர் தனியாகப் போனார். என்னைக் கடுகண்ணாவைச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் உட்காரவைத்துவிட்டு, கையில் ஒரு கட்டு வெற்றிலையோடு மேலே ஏறினார். சிங்களவர் வீட்டில் பெரியவர்களிடம் ஒன்று கேட்கப் போனால் வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் கொடுத்துத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். நானும் அது தெரியாதவன் இல்லை, ஆனால் அது கலியாணத்துக்கும் புத்தாண்டுக்கும் என்று நினைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு எதற்கு வெற்றிலை? கடையில் நான் மூன்று வடையைத் தின்று முடித்தும் அவர் வரவில்லை. பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். முதலில் ரயில் பற்றிப் பேசினார்களாம். பதுளை ரயில் எந்தக் காலத்தில் நேரத்துக்கு வந்தது என்று பேசினார்களாம். மகள் வீட்டில் குளிர் எப்படி என்று பேசினார்களாம். வீட்டைப் பற்றி அவராகக் கேட்கவேயில்லை. கடைசியில் ரத்நாயக்க அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், இங்கே யார் இருப்பார்கள் என்று. லெட்சுமிக்கு முழங்கால் முடியவில்லை, மஹியாவைப் படிக்கட்டு இனிமேல் ஆகாது, இங்கே வாசல் வரைக்கும் த்ரீவீல் வரும் என்றிருக்கிறார் செல்வராஜ். கிணற்றடிக் கறிவேப்பிலை மரத்தை வெட்டமாட்டீர்களே என்று அந்த அம்மா கேட்டாளாம். அது இருந்தால்தானே லெட்சுமி வருவாள் என்றாராம். விலை நான் சொன்னதைவிடவும் குறைந்துவிட்டது. ஒரு நிபந்தனை மட்டும். விற்பது செல்வராஜ் மாத்தயாவுக்கு. அன்றைக்கு வந்த அந்த மனிதருக்கு இல்லை.

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், என்னைக் குத்த வேண்டும் என்று அல்ல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டம் என் பெயரை வேண்டாம் என்றது, அதற்கு முகம் கிடையாது, பொறுத்துக்கொண்டேன். இது ஒரு மனிதர் வாய்விட்டு வேண்டாம் என்றது. என் காசு, அவர் பேச்சு. என் கண்ணில் பட்ட வீடு, அவர் பெண்டாட்டிக்கு முழங்கால் வலி. நான் சுவரை இடிப்பேன் என்றதற்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனவள், அவருக்குக் கித்துல் கருப்பட்டி கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதை அவர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு துண்டு நீட்டினார், வேண்டாம் என்றேன்.

அன்று சாயங்காலம் லெட்சுமியைக் குசினியில் வைத்துக் கேட்டேன். என் கூடப் பிறந்தவள் அவள்தான். வீட்டை அவள் பேரில் எழுதுவோம், ரத்நாயக்கவுக்கு நான் பேசிக்கொள்கிறேன், புருஷன் பேர் என்றால் என்ன பெண்டாட்டி பேர் என்றால் என்ன. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"வேணாம் அண்ணே. என் பேருல இருந்தா அது உங்க வீடு. அவரு பேருல இருந்தாத்தான் எங்க வீடு."

"காசு நான்தானே குடுக்கிறேன்?"

"அதான் சொல்றேன். குடுக்கிறதா இருந்தா குடுங்க. இல்லாட்டி நாங்க இந்தப் படியிலயே ஏறி எறங்கிக்கிறோம். வீட்ட வாங்கிக் குடுத்துட்டு, மாசாமாசம் கறையான் இருக்கான்னு எட்டிப் பாக்கிறதுன்னா என்னால ஏலாது."

சின்ன வயதில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கியவள். அவள் வாயில் எங்க என்ற வார்த்தைக்குள் நான் இல்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். படிக்கட்டின் நடுவில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மேலே ஜன்னலில் அவள் நிற்பது தெரிந்ததால் நொண்டாமல் இறங்கினேன்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் ஒரு புரோக்கரைப் பிடித்துக் கலகெதரவுக்குப் போனேன். வீடு என்ன, ஊரே விற்பனைக்கு இருக்கிறது, எனக்கு அந்தக் கடுகண்ணாவை வீடுதானா? குருநாகல் ரோட்டோரமாக ஒரு மாடி வீடு காட்டினான். கட்டுமானம் நல்லது, விலையும் தோது. இந்தத் தடவை உட்கார்ந்து தேநீர் குடித்தேன், கறையானைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் புரோக்கரிடம் என் கடவுச்சீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அதுக்கென்ன சேர், என் பேர்லயே எழுதிப்போடலாம். நான் உங்க மகன் மாதிரித்தானே?"

அவனைப் பார்த்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு மூன்று மகன்கள் இருக்கிறார்கள், ஒருவன்கூட இவ்வளவு வேகமாக என் மகனாக இருக்க ஒத்துக்கொண்டதில்லை. பஸ் ஏற்றிவிடும்போது பேச்சோடு பேச்சாக அவனே சொன்னான், கடுகண்ணாவையில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வீடு இருக்கிறதாம், டுபாயிலிருந்து வந்த ஒரு பார்ட்டிக்கு நேற்றுப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டதாம், கேட்ட விலைக்கே எடுக்கிறார்களாம். அந்த விறாந்தையில் யாரோ ஒரு டுபாய்க்காரன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. செல்வராஜ் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலும் எரிந்தது. ஆனால் இரண்டு எரிச்சலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், தொழில்காரன் இல்லையா, செல்வராஜ் எரிச்சல் கொஞ்சம் குறைவாக இருந்தது. கண்டியில் இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போய், படிக்கட்டு முழுக்க ஏறாமல் கீழேயே நின்று, நொத்தாரிசுக்கு நாள் கேளுங்கள் என்று கத்திச் சொன்னேன். லெட்சுமி வந்து எட்டிப் பார்த்தாள். சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னாள்.

ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. நொத்தாரிசிடம் முன்கூட்டியே போய், வீடு உண்மையில் எனக்குத்தான் சொந்தம் என்று மச்சான் கையெழுத்தில் ஒரு தனிக் கடதாசி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்படி ஒரு கடதாசி இருந்தால் உறுதிக்கே ஆபத்து, கொடுத்தால் கொடுத்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசை வங்கியிலேயே வையுங்கள் என்றார். அவர் லெட்சுமியைப் பார்த்ததே இல்லை. இருவரும் கூடிப் பேசி வைத்தது போல இருந்தது.

உறுதி எழுதுகிற அன்று ரத்நாயக்க வெள்ளைக் கால்சட்டையும் பொத்தான் கழுத்து வரை பூட்டிய சட்டையுமாக வந்திருந்தார். மனைவி வரவில்லை, பெட்டி கட்டுகிறாளாம். செல்வராஜுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று டுபாய்க்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். லெட்சுமி நல்ல சேலை கட்டியிருந்தாள். எல்லாம் தயாராக இருக்கும்போது ஒரு சாட்சியைக் காணவில்லை. செல்வராஜின் பழைய ஒஃபிஸ் நண்பர்கள் இரண்டு பேர் சாட்சி போட வருவதாக இருந்தது, ஒருவருக்குக் காய்ச்சல். நொத்தாரிசு சுற்றிப் பார்த்தார். கண் என்மேல் நின்றது.

"நீங்களே போடலாமே. ரெண்டு பேரையும் உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்றேன். விற்கிறவரைத் தெரியும், அவர் என்னை வேண்டாம் என்றவர். வாங்குகிறவரைத் தெரியும், என் தங்கச்சியின் புருஷன். முதலில் ரத்நாயக்க சிங்களத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்து செல்வராஜ் போட்டார், கிளார்க்குக் கையெழுத்து, அச்சடித்த மாதிரித் தமிழ் எழுத்து. நான் பேனாவை வாங்கித் தமிழில் எழுத ஆரம்பித்தேன். நொத்தாரிசு கையைத் தடுத்து, கடவுச்சீட்டில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும் என்றார். கடவுச்சீட்டில் இருப்பது டோரீனின் மகள் கடதாசியில் எழுதிக் காட்டி நான் பழகிய இங்கிலீஷ் கையெழுத்து, ஒரு வளையமும் ஒரு இழுப்பும். அதைப் போட்டேன். முகவரி என்ற இடத்தில் சுரங்க ஊரின் பெயரை அவரே எழுதிக்கொண்டார். இலங்கையில் ஒரு காணி உறுதியில் எங்கள் குடும்பத்துப் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை, சாட்சி என்ற இடத்தில். செல்வராஜ் எங்கள் குடும்பமில்லை, மாப்பிள்ளை வீட்டுக்காரர்.

பிரதிகளில் முத்திரை போட நேரமாகும் என்றதால் நானும் ரத்நாயக்கவும் வெளியே மர வாங்கில் வந்து உட்கார்ந்தோம். அவர் என்னிடம் மெதுவாக, என் சிங்களத்துக்கு ஏற்றமாதிரிச் சின்னச் சின்ன வார்த்தையாகப் பேசினார். வெளிநாட்டில் வயதானவர்கள் பகலில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். ஜன்னலைப் பார்ப்பார்கள் என்றேன். அவர் சட்டைப்பையில் கடவுச்சீட்டு துருத்திக்கொண்டிருந்தது, இலங்கைக் கடவுச்சீட்டு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் அவுஸ்திரேலியாவில் குளிர் பிடிக்காமல் அடுத்த வருஷமே திரும்பி வந்தால், செல்வராஜிடம் பேசி அந்த வீட்டையே திரும்ப வாங்கிவிடலாம். எந்தச் சட்டமும் அவரைத் தடுக்காது. வீட்டை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்கு என்னைப் பார்த்து என்ன இருந்ததோ தெரியாது. என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல இங்கிலாந்துச் சப்பாத்து.

செல்வராஜ் ஒரு கையில் உறுதியும் மறு கையில் சாவியுமாக வெளியே வந்தார். பின்னால் லெட்சுமி. வாங்கில் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறோம், யாரை முதலில் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு முதலில் சிங்களத்தில் ரத்நாயக்கவிடம் சொன்னார், அதையே திரும்பத் தமிழில் என்னிடம் சொன்னார்.

"வாங்க, நம்ம வீட்டுக்குப் போயி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போகலாம்."

ரத்நாயக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இரண்டு பேரும் விருந்தாளிகளாக அவர் பின்னால் கடுகண்ணாவை பஸ்ஸுக்கு நடந்தோம்.